பெயரைக் கடைசியில் படியுங்கள்

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை. நான் ஓய்வூதியர் சங்கக் கூட்டத்துக்குப் போயிருந்த நேரத்தில் வீட்டுக்கு ஒரு பார்சல் வந்தது. பெயர் என்னுடையது, முன்னெழுத்தும் என்னுடையது. மனைவி வாங்கிப் பிரித்துவிட்டாள். மாலையில் நான் திரும்பியபோது மேசைமேல் ஒரு ஜோடி முழங்கால் பட்டை கிடந்தது. முட்டி வலிக்காரர்கள் காலில் இழுத்து மாட்டிக்கொள்வார்களே, அது. கறுப்பு நிறம், எக்ஸ்எல் அளவு.

“எனக்கு முட்டி வலி என்று உங்களிடம் யார் சொன்னது?” என்று கேட்டாள்.

நான் எதுவும் ஆர்டர் செய்யவில்லை என்று சொன்னதை அவள் நம்பவில்லை. காரணம் இருந்தது. அதற்கு முந்தைய வாரம் மலைக்கோட்டைக்குப் போயிருந்தோம். தாயுமானவர் சன்னிதியோடு அவள் உட்கார்ந்துவிட்டாள்; உச்சிப் பிள்ளையாரை நான் மட்டும் பார்த்துவிட்டு இறங்கினேன். அதைக் குத்திக்காட்டத்தான் இதை வாங்கியிருக்கிறேன் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். போதாக்குறைக்கு எக்ஸ்எல். சென்னையில் இருக்கும் மகன் அனுப்பியிருப்பானோ என்று பார்த்தால், அவனும் இல்லை என்றான். அவன் சொன்னதையும் அவள் பாதிதான் நம்பினாள். மறுநாள் காலையில் பார்த்தால் ஒரு பட்டை அவள் காலில் இருந்தது. “இதமாகத்தான் இருக்கிறது” என்றாள்.

மூன்றாம் நாள் வாசலில் ஒரு மொபெட் வந்து நின்றது. எழுபது வயதிருக்கும் ஒருவர் காலைத் தாங்கித் தாங்கி நடந்து வந்தார். தன் பெயரைச் சொன்னார். என் பெயர்தான். முன்னெழுத்தும் அதே ஆர். பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பார்சலைக் கொடுத்தாகிவிட்டது என்று போனில் செய்தி வந்திருக்கிறது; ஆனால் பொருள் வரவில்லை. அந்த வலிக்கும் காலோடு எங்கள் பகுதியில் நான்கு வீடுகள் ஏறி இறங்கிவிட்டு ஐந்தாவதாக எங்களிடம் வந்திருந்தார்.

போட்டுப் பார்த்த பட்டையைத் திருப்பிக் கொடுக்கும்போது எனக்கு ஏற்பட்ட கூச்சத்தைச் சொல்லி முடியாது. பணம் தருகிறேன் என்றேன், வாங்க மறுத்தார். காபி குடித்தார். எங்கள் இருவர் பெயரும் முருகனின் பெயர்களில் ஒன்று. வயலூரில் முருகன் இருக்கும் ஊரில் அந்தப் பெயருக்கு என்ன பஞ்சம்? கூப்பிட்டால் தெருவுக்கு மூன்று பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.

அவர் போன பிறகு, குப்பையில் போட்டிருந்த அட்டைப் பெட்டியை எடுத்துச் சீட்டைப் படித்தேன். எங்களுடையது குறுக்குத் தெரு, கதவு எண் 41. சீட்டில் இருந்தது வெறும் தெரு, கதவு எண் 14. போன் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் தெளிவாக அச்சாகியிருந்தன. அவற்றில் ஒன்றுகூட என் எண்ணோடு ஒத்துப்போகவில்லை. முப்பத்து மூன்று வருடம் வங்கி வேலை பார்த்தவன் நான். எழுத்தில் ஒரு தொகையும் எண்ணில் ஒரு தொகையும் இருந்தால் காசோலையைக் கவுன்டரிலேயே திருப்பிக் கொடுத்தவன். என் வீட்டில் மூன்று நாள் கிடந்த ஒரு சீட்டை நான் படிக்கவில்லை. பெயரைப் பார்த்ததோடு எல்லோரும் நின்றுவிட்டோம்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருக்கிறது. பார்சல் சீட்டில் பெயரைக் கடைசியில்தான் படிக்க வேண்டும். முதலில் பார்க்க வேண்டியது பணம் கட்டியதா, கட்ட வேண்டியதா என்பது. பிரீபெய்டு என்றோ, சிஓடி என்று தொகையோடோ சீட்டில் கண்ணில் படும்படி போட்டிருப்பார்கள். அடுத்து போன் எண். சில நிறுவனங்கள் முழுதாக அச்சிடுகின்றன, சில நட்சத்திரக் குறி போட்டு மறைத்துக் கடைசி இலக்கங்களை மட்டும் காட்டுகின்றன. எதுவானாலும் நம்முடையதா இல்லையா என்று தெரிந்துகொள்ள அது போதும். பிறகு கதவு எண், தெரு, பின்கோடு. அனுப்பியவரின் பெயரும், திருப்பி அனுப்ப வேண்டிய விலாசமும் பெரும்பாலும் அடியில் பொடி எழுத்தில் இருக்கும். பெயர் எல்லாவற்றுக்கும் பிறகு. பெயரைப் பார்த்துவிட்டால் மனசு ‘நமக்குத்தான்’ என்று சொல்லிவிடுகிறது. மற்றதைக் கண் படிப்பதில்லை.

இந்தச் சிக்கலில் நம் முன்னெழுத்து முறைக்கும் பங்கு உண்டு. ஆர்டர் செய்யும் பக்கங்களில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டங்கள் கேட்கிறார்கள். நமக்குக் கடைசிப் பெயர் என்று ஒன்று ஏது? அப்பாவின் பெயரில் ஓர் எழுத்தை எடுத்து அங்கே போடுகிறோம். ஒரு பின்கோடுக்குள் அப்படி எத்தனை ஆர்.கள்!

பின்கோடு என்றதும் இன்னொரு கதை. ஒரு நாள் டெலிவரிக்கு வரும் தம்பி ஒரு கனமான பார்சலை நீட்டினார். பெயர் ஏதோ ஒரு பெண்ணுடையது. கதவு எண் எங்களுடையது. தெரு, எங்கள் குறுக்குத் தெருவின் எண்ணே. கே.கே. நகர் என்றும் இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு ‘மதுரை’ என்று இருந்தது. கே.கே. நகர் சென்னையிலும் உண்டு, மதுரையிலும் உண்டு, எங்கள் திருச்சியிலும் உண்டு. சென்னைக்கு 600078, மதுரைக்கு 625020, எங்களுக்கு 620021. அந்தப் பெண் தன் விலாசத்தில் 620021 என்று எழுதியிருந்தார்.

நம் பின்கோடு 1972 ஆகஸ்ட் 15 அன்று வந்தது. முதல் இலக்கம் 6 என்றால் தென்கோடி மண்டலம். முதல் மூன்று இலக்கங்கள் சேர்ந்து தபால் பிரிக்கும் மாவட்டத்தைச் சொல்லும். கடைசி மூன்று அஞ்சலகத்தைச் சொல்லும். இன்று கூரியர் கிடங்குகளிலும் பார்சலைப் பிரிப்பது இந்த எண்ணை வைத்துத்தான். ஊர்ப் பெயரை அங்கே யாரும் வாசித்துக்கொண்டிருப்பதில்லை. 620 என்றால் திருச்சி மூட்டை, அவ்வளவுதான். ‘மதுரை’ என்ற சொல்லை முதன்முதலில் படித்த மனிதன் நானாகத்தான் இருக்க வேண்டும்.

முறைப்படி நடந்துகொண்டேன். பார்சலை வாங்காமல், விலாசம் தவறு என்று சொல்லி அந்தத் தம்பியிடமே திருப்பி அனுப்பினேன். சீட்டில் முழு எண் இருந்ததால் அதைக் குறித்துக்கொண்டு அந்தப் பெண்ணுக்கும் போன் செய்து சொன்னேன். எனக்கு நன்றி வரும் என்று எதிர்பார்த்தேன். “ஐயோ சார், நீங்கள் வாங்கி வைத்திருக்கலாமே! என் சித்தப்பா திருச்சியில்தான் இருக்கிறார்” என்றார். அவை போட்டித் தேர்வுப் புத்தகங்கள். அவை விற்றவரிடமே திரும்பிப் போய், பணம் திரும்பி, மறுபடி ஆர்டர் செய்து அவர் கைக்கு வர இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டதாம். முறை சரி; புத்தகம் தேர்வுக்கு முந்தைய நாள்தான் போய்ச் சேர்ந்தது. இப்போதெல்லாம் டெலிவரித் தம்பியை இரண்டு நிமிடம் நிற்க வைத்து, சீட்டில் உள்ள எண்ணுக்கு முதலில் போன் செய்கிறேன். உரியவர் எடுத்தால் அவர் சொல்வதைப் போலச் செய்கிறேன். எடுக்காவிட்டால் திருப்பி அனுப்புகிறேன். அந்தத் தம்பி தன் கருவியில் ‘கொடுத்தாகிவிட்டது’ என்று ஒருமுறை பதிந்துவிட்டால் பிறகு அதைத் திருப்புவது பெரிய பாடு. வாசலிலேயே மறுப்பது சுலபம்.

இவை நல்ல மனிதர்களின் தவறுகள். அடுத்தது அப்படி அல்ல.

நாங்கள் தஞ்சாவூருக்கு ஒரு திருமணத்துக்குப் போயிருந்தோம். வீட்டில் அம்மா மட்டும். எண்பத்து நான்கு வயது. மாலையில் வந்து பார்த்தால், “உனக்கு ஒரு பார்சல் வந்தது, 749 ரூபாய் கொடுத்து வாங்கி வைத்திருக்கிறேன்” என்றார். பிரித்தால் உள்ளே ஒரு பிளாஸ்டிக் கைக்கடிகாரம். முள் ஓடவில்லை, வார் ஒரு பக்கம் பிய்ந்திருந்தது. சித்திரைத் திருவிழாக் கடையில் முப்பது ரூபாய்க்குக்கூட யாரும் வாங்க மாட்டார்கள். இம்முறை கதவு எண் சரி, போன் எண் சரி, பின்கோடு சரி. எல்லாமே என்னுடையவை. ஆர்டர் மட்டும் என்னுடையது இல்லை.

“ஏன் அம்மா, எனக்கு ஒரு போன் செய்திருக்கக் கூடாதா?”

“உன் பெயர் போட்டிருந்தது. உன் அப்பாவின் எழுத்தும் போட்டிருந்தது. திருப்பி அனுப்பினால் நமக்கு மரியாதையா?”

இந்த மோசடியின் மூளை முழுவதும் அம்மாவின் அந்த ஒரு பதிலில் இருக்கிறது. எங்கிருந்தோ பெயரும் விலாசமும் எண்ணும் கிடைக்கின்றன. குப்பைக்குச் சமமான ஒரு பொருளைப் பொட்டலம் கட்டி, கையில் பணம் வாங்கும் முறையில் அனுப்பிவிடுகிறார்கள். பகல் நேரத்தில் வீட்டில் இருப்பவர்கள் பெரியவர்கள். மகனோ மருமகளோ வாங்கியிருப்பார்கள் என்று நினைத்துக் கொடுத்துவிடுவார்கள். தொகையைக் கவனியுங்கள்: அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் பணத்துக்குள் அடங்கும் தொகை. ஐயாயிரம் என்றால் யாரும் ஒரு போன் செய்து கேட்பார்கள். 749 ரூபாய்க்குக் கேட்க மாட்டார்கள்.

சீட்டில் இருந்த அனுப்பியவர் எண் அணைக்கப்பட்டிருந்தது. விலாசம் வேறு மாநிலத்தில் ஒரு தெருவின் பாதிப் பெயர். கூரியர் நிறுவனத்துக்கு எழுதினேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தேன். அங்கே தமிழிலேயே பேசலாம். சீட்டு, பொருள், உறை எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்திருந்ததால் புகாரில் எழுத விவரம் இருந்தது. பணம் திரும்பவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கொண்டுவந்த தம்பியைத் திட்டுவதில் பயனில்லை. பெட்டிக்குள் இருப்பது என்ன என்று அவருக்குத் தெரியாது. வசூலித்த பணத்தை அன்று மாலையே கணக்கில் கட்டிவிட வேண்டியவர் அவர்.

இப்போது வாசல் கதவின் உட்புறத்தில், அம்மாவின் கண்ணுக்கு எட்டும் உயரத்தில், பெரிய எழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது: “பணம் கேட்டால் எனக்குப் போன். நான் சொன்னால் மட்டும் கொடுக்கவும்.” நாங்கள் யாராவது கையில் பணம் கொடுக்கும் முறையில் ஆர்டர் செய்தால், தொகையைக் காலண்டரில் அந்தத் தேதியில் எழுதிவிடுகிறோம். அம்மா தொகையைக் காலண்டரோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார். பத்து ரூபாய் வித்தியாசம் இருந்தாலும் ஆள் வெளியே நிற்க வேண்டியதுதான். என் மேலாளர்கள் சிலரைவிட அம்மா கறாரானவர்.

பணமே கேட்காமல் வரும் பார்சலும் உண்டு. அதை முதலில் பார்த்தது நாங்கள் இல்லை, அமெரிக்காவில் ஒஹையோவில் இருக்கும் மகள். 2020 ஜூலை. கொரோனாவால் எல்லோரும் வீட்டுக்குள் கிடந்த நேரம். சீனாவிலிருந்து வந்ததாக முத்திரையிட்ட ஒரு சிறு உறை. வெளியே நகை என்று எழுதியிருக்கிறது, உள்ளே விதைகள். வீடியோ அழைப்பில் காட்டி, “அப்பா, இது என்ன விதை?” என்று கேட்டாள். மேதாவி நான், “தொட்டியில் போட்டுப் பார், கொத்தமல்லியாக இருக்கப் போகிறது” என்றேன். நல்ல வேளை, அவள் போடவில்லை. அந்த வாரமே அந்நாட்டு வேளாண்மைத் துறை, இப்படி விதை வந்தவர்கள் நடவும் கூடாது, குப்பையிலும் போடக் கூடாது, உறையோடு ஒப்படைக்க வேண்டும் என்று அறிவித்தது. பல மாநிலங்களிலும் வீடுகளுக்கு இந்த உறைகள் வந்திருந்தன. ஜூலை கடைசிக்குள் கடுகு, முட்டைக்கோஸ், புதினா, செம்பருத்தி, ரோஜா என்று 14 வகைகளை அடையாளம் கண்டிருந்தார்கள். நம் மத்திய வேளாண் அமைச்சகமும் ஆகஸ்டில் மாநிலங்களை எச்சரித்தது. அயல் விதையோடு அயல் பூச்சியும் நோயும் வந்து சேரும் என்ற பயம்.

விதை அனுப்பி யாருக்கு என்ன லாபம்? அங்கே சொன்ன காரணம்தான் எனக்கு வியப்பாக இருந்தது. இணையக் கடையில் ஒரு பொருளுக்கு நல்ல விமர்சனம் எழுத வேண்டுமானால், அதை ஒருவர் வாங்கியதாகவும் அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததாகவும் கணக்கு இருக்க வேண்டும். விற்பவரே போலிக் கணக்கில் தன் பொருளைத் தானே வாங்கிக்கொள்கிறார். பொருளுக்குப் பதிலாக, எடை குறைந்த ஏதோ ஒன்றை உண்மையான ஒரு விலாசத்துக்கு அனுப்புகிறார். போய்ச் சேர்ந்துவிட்டது என்று கூரியர் கணக்கு சாட்சி சொல்கிறது. பிறகு ஐந்து நட்சத்திரம், அருமையான பொருள் என்று நம் பெயரிலேயே எழுதிக்கொள்ளலாம். ‘பிரஷ்ஷிங்’ என்று இதற்குப் பெயர்.

எங்களுக்கே ஒரு கண்ணாடிக் கல் மோதிரம் அப்படி வந்தது. பில் இல்லை, பணமும் கேட்கவில்லை. உள்ளே ஒரு வழவழப்பான அட்டை. இந்தக் கியூஆர் கோடை ஸ்கேன் செய்தால் பரிசு யார் அனுப்பியது என்று தெரியும் என்று எழுதியிருந்தது. ஆவலைத் தூண்டும் வாக்கியம்தான். மனைவி போனை எடுத்தே விட்டாள். அந்த அட்டையை நான்காகக் கிழித்தேன். முன்பின் தெரியாத கோடு எந்தப் பக்கத்துக்குக் கொண்டுபோகும், அங்கே என்ன கேட்பார்கள் என்று யார் கண்டது? பிறகு இணையக் கடைக் கணக்குகளில் நான் செய்யாத ஆர்டர் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தேன், கடவுச்சொற்களை மாற்றினேன், வங்கிக் கணக்கில் தெரியாத பற்று இருக்கிறதா என்று ஒரு மாதம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் இல்லை. மோதிரத்தைப் பக்கத்து வீட்டுக் குழந்தை போட்டுக்கொண்டு திரிகிறது. இணைய விமர்சனங்களை எப்படிச் சேகரிக்க வேண்டும், சரிபார்க்க வேண்டும் என்று 2022-இல் இந்திய தர நிர்ணய அமைவனம் ஐஎஸ் 19000 என்ற தரநிலையைக் கொண்டுவந்தது உண்மை. ஆனாலும் வெறும் ஐந்து நட்சத்திரமாகக் கொட்டிக் கிடக்கும் பொருளைப் பார்த்தால், இந்த அன்பர்களில் எத்தனை பேர் வீட்டில் கண்ணாடி மோதிரம் இருக்கிறதோ என்று நினைத்துக்கொள்கிறேன்.

இனி, வீட்டுக்குள் சண்டை வந்த கதை. தீபாவளிக்கு முன் மூன்றடுக்கு எவர்சில்வர் டிபன் கேரியர் ஒன்று ஆர்டர் செய்தேன், 1,150 ரூபாய். வந்த பெட்டியைத் தூக்கவே முடியவில்லை. உள்ளே ஆறு கேரியர்கள். சீட்டைப் படித்தேன்: எண்ணிக்கை ஒன்று. பில்லைப் படித்தேன்: ஒன்று. சென்னை மகன், “அப்பா, அதிர்ஷ்டம்! பேசாமல் வைத்துக்கொள்ளுங்கள்” என்றான். மனைவி அதற்குள் பங்கு பிரித்துவிட்டாள்: ஒன்று தங்கைக்கு, ஒன்று அண்ணிக்கு, இரண்டு வரும் முகூர்த்தங்களுக்கு. ஒஹையோ மகள் தன் பங்குக்கு, கேட்காமல் வந்த பொருளை வைத்துக்கொள்ளலாம் என்று அமெரிக்காவில் சட்டமே இருக்கிறது என்றாள். இருக்கிறதுதான். ஆனால் அது நாம் ஆர்டரே செய்யாமல், நம் பெயருக்கு அனுப்பித் தலையில் கட்டும் பொருளைப் பற்றியது. கை தவறி வந்ததற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

நம் ஊரில் 1872-ஆம் வருடத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 72-ஆம் பிரிவு இருக்கிறது. தவறுதலாகக் கொடுக்கப்பட்ட பணத்தையோ பொருளையோ பெற்றவர் திருப்பித் தர வேண்டும் என்கிறது. வங்கிக்காரனுக்கு அந்தப் பிரிவு மனப்பாடம். என் கிளையில் ஒருமுறை ஓர் இலக்கம் மாறி, நாற்பதாயிரம் ரூபாய் ஒரு சத்துணவு ஊழியரின் கணக்கில் விழுந்துவிட்டது. அதை அவர் எடுத்து வீட்டுக் கூரைக்குச் செலவழித்துவிட்டார். அதைக் கேட்டு வாங்கப் போனவன் நான். “பாஸ்புத்தகத்தில் என் பெயரில்தானே சார் வந்தது?” என்று அந்த அம்மா கேட்டார். மாதம் ஆயிரம், இரண்டாயிரம் என்று கட்டி முடித்தார். அன்று அவரிடம் 72-ஆம் பிரிவைச் சொல்லிவிட்டு, இன்று ஐந்து கேரியர்களை மைத்துனிகளுக்கு விநியோகிக்க என்னால் முடியவில்லை.

திருப்பிக் கொடுப்பது என்று முடிவெடுத்தேனே தவிர, அதற்கு வழி இருக்கவில்லை. இணையக் கடையின் பக்கத்தில், பொருள் உடைந்திருந்தால் ஒரு பொத்தான், பிடிக்கவில்லை என்றால் ஒரு பொத்தான், குறைவாக வந்தால் ஒரு பொத்தான். அதிகமாக வந்தால் பொத்தான் இல்லை. அப்படி ஒருவன் கேட்பான் என்று யாரும் நினைக்கவில்லை போலிருக்கிறது. வாடிக்கையாளர் சேவையில் பேசினேன். “பொருளில் என்ன குறை, சார்?” குறை இல்லை, அதிகம். “அப்படியானால் ரிட்டர்ன் போட்டு 1,150 ரூபாயைத் திருப்பித் தரட்டுமா?” வேண்டாம், ஒன்று எனக்கு வேண்டும், ஐந்தை எடுத்துக்கொள்ளுங்கள். “உங்கள் ஆர்டரில் ஒன்றுதான் இருக்கிறது, சார்.” அதைத்தானே நானும் சொல்கிறேன்! நான்கு நாளில் மூன்று பேரிடம் இதே உரையாடல். மனைவி ஒவ்வொரு முறையும் அடுக்களையிலிருந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

பிறகுதான் பெட்டியைத் திருப்பிப் பார்க்கத் தோன்றியது. பொட்டலப் பொருள் எதுவானாலும், தயாரித்தவர் அல்லது பொதிந்தவரின் பெயர், விலாசம், புகார் சொல்ல ஒரு போன் எண், மின்னஞ்சல் எல்லாம் அதில் அச்சிட்டிருக்க வேண்டும் என்று 2011-ஆம் வருடத்து எடையளவு விதிகள் சொல்கின்றன. அந்த எண்ணுக்குப் போன் செய்தால் முதலாளியே எடுத்தார். சிறு வியாபாரி. புதிதாகச் சேர்ந்த பையன் கேரியரை எடுப்பதற்குப் பதிலாக ஆறு கேரியர் உள்ள பெட்டியையே எடுத்துச் சீட்டு ஒட்டிவிட்டான். யாருக்குப் போனது என்று தெரியாமல் அவர்கள் இருப்புக் கணக்கைத் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தார்களாம். இரண்டாம் நாளே ஆள் அனுப்பி ஐந்தையும் எடுத்துக்கொண்டார். அனுப்பும் செலவும் அவருடையது. அந்தப் பையனின் சம்பளத்தில் பிடிக்காதீர்கள் என்று சொல்லி வைத்தேன். பிடிக்க மாட்டேன் என்றார்.

இதற்கிடையில் இணையக் கடையின் குறைதீர் அதிகாரிக்குப் படங்களோடு ஒரு மின்னஞ்சலும் அனுப்பியிருந்தேன். 2020-ஆம் வருடத்து மின்வணிக விதிகளின்படி, புகார் வந்து 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பதில் வரும் வராது என்பது வேறு. நாம் திருப்பித் தரத் தயாராக இருந்தோம் என்பதற்கு எழுத்தில் ஓர் ஆதாரம் நம் கையில் இருக்கும். வாயால் பேசியதற்கு வங்கியிலும் மதிப்பில்லை, இங்கும் இல்லை.

போனில் வரும் பார்சல் ஒன்று இருக்கிறது. பொருள் வராது, பேச்சு மட்டும் வரும். உங்கள் பெயருக்கு ஒரு பார்சல், நீங்கள் கேட்கவில்லை என்றால் ரத்து செய்ய ஓடிபி சொல்லுங்கள் என்பார்கள். ரத்து செய்ய ஓடிபி எதற்கு? நான் வாங்காத பொருளை ரத்து செய்யும் வேலையும் என்னுடையது அல்ல. இன்னொருவர் என்னிடம், டெலிவரி ஆள் பேச வேண்டும், நட்சத்திரம் 401 நட்சத்திரம் போட்டு இந்த எண்ணை அழுத்துங்கள் என்றார். அழுத்தினால் நமக்கு வரும் அழைப்புகள் அந்த எண்ணுக்குத் திரும்பிவிடும். அழைப்பில் வரும் ஓடிபியும் அவர்களுக்கே போகும். 2024 ஏப்ரல் 15 முதல் இந்த வகை அழைப்புத் திருப்பத்தை நிறுத்திவைக்கச் சொல்லித் தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. யாராவது ஏற்கெனவே அழுத்தியிருந்தால் ##002# போட்டு எல்லாத் திருப்பத்தையும் நீக்கலாம். பணம் போய்விட்டால் சைபர் குற்ற உதவி எண் 1930; போன மணியிலேயே கூப்பிட வேண்டும், மறுநாள் யோசித்துக் கூப்பிடுவதற்குள் பணம் ஐந்து கணக்கு தாண்டியிருக்கும். உங்கள் பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது, காவல்துறை பேசுகிறது என்று மிரட்டுபவர்களும் இந்தக் கூட்டம்தான். வீடியோ அழைப்பில் கைது செய்வதற்கு நம் சட்டத்தில் இடமே இல்லை. இவர்கள் எல்லோரும் முதலில் செய்வது நம் பெயரை முன்னெழுத்தோடு சரியாகச் சொல்வது.

என் பார்சல் வேறு வீட்டுக்குப் போனதும் உண்டு. கொடுத்ததற்குச் சாட்சியாக ஒரு கதவின் படம் போனில் வந்தது. நீலக் கதவு, பக்கத்தில் உடைந்த துளசி மாடம். படத்தைக் கையில் வைத்துக்கொண்டு மாலை நடையில் தேடினேன். இரண்டாவது தெருவில் கிடைத்தது. அந்த வீட்டு அம்மா பிரிக்காமல் வைத்திருந்தார். “போன் நம்பர் எங்களுடையது இல்லையே என்று பார்த்தேன்” என்றார். வணங்கத் தோன்றியது.

ஒரு சின்ன விஷயம். பார்சல் உறைகளை அப்படியே பழைய பேப்பர்க்காரரிடம் போடுவதை நிறுத்திவிட்டோம். பெயர், விலாசம், எண் எல்லாம் ஒரே சீட்டில் இருக்கிறது. 749 ரூபாய்க்காரனுக்கு வேறென்ன வேண்டும்? பிளாஸ்டிக் உறையில் சீட்டைக் கிழித்துவிடுகிறோம். அட்டைப் பெட்டியில் அது உரிந்து வராது. அந்தச் சீட்டுகளில் பெரும்பாலானவை சூடு பட்டால் கறுக்கும் தாள் என்பதைக் கண்டுபிடித்தது மனைவி. தோசை வார்த்து முடித்த கையோடு சூடான திருப்பியை அதன்மேல் வைத்து எடுக்கிறாள். எழுத்தெல்லாம் கறுப்பில் மறைந்துவிடுகிறது.

பொன்மலைக்காரரும் நானும் இப்போது நண்பர்கள். அவர் பார்சல் இங்கு வருவதும் என்னுடையது அங்கு போவதும் தொடர்ந்துகொண்டிருந்ததால், ஒரு நாள் உட்கார்ந்து பேசினோம். ஆர். என்று ஓர் எழுத்தைப் போடுவதால்தானே இவ்வளவும், அப்பாவின் பெயரை முழுதாக விரித்து எழுதிவிடுவோம் என்று நான் யோசனை சொன்னேன். நல்ல யோசனை என்று போனை எடுத்து அப்போதே மாற்றினார். நானும் மாற்றினேன். இரண்டு திரைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம்.

அவருடைய அப்பாவும் ராமசாமிதான்.

இப்போது அவர் பெயருக்குப் பின்னால் ‘ரயில்வே’ என்றும் என் பெயருக்குப் பின்னால் ‘வங்கி’ என்றும் சேர்த்திருக்கிறோம். போன வாரம் எங்கள் வீட்டுக்கு ஒரு பார்சல் வந்தது, ‘ரயில்வே’ என்று கொட்டை எழுத்தில் அச்சடித்து. அடுத்த தெருவில்தான் சார் இருக்கிறார் என்று அனுப்பி வைத்தேன். மனைவி உள்ளேயிருந்து, அதில் முழங்கால் பட்டை இருந்தால் எங்கே வாங்கினார் என்று கேட்டு வைக்கச் சொன்னாள்.